ஒட்டுத் தெரியாமல்

நிறுத்தக் கூடாது சார். உங்க பொண்ணுகிட்ட முதல்ல அதைச் சொல்லுங்க. வயலின்ல ஒரு தப்பு விழுந்தா வில்லைக் கீழ வச்சுட்டு அழுதுடுறான்னு சொன்னீங்கள்ல, அதுக்குத்தான் சொல்றேன். தப்பு விழத்தான் செய்யும். விழாத கை கிடையாது. விழுந்ததுக்கு அப்புறம் என்ன பண்றோம்கிறதுலதான் இருக்கு. நான் ஒண்ணும் பெரிய வித்வான் இல்லை. கச்சேரி மேடை அங்கொண்ணும் இங்கொண்ணுமா ஏறினதோட சரி, மத்தபடி கல்யாண மேளம்தான். ஆனா இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும்.

தவில் காலை இடிக்குதா? இப்படித் திருப்பிக்கறேன். கண்டக்டர் பின்னாடி போடச் சொல்லுவார். பள்ளத்துல தூக்கிப் போட்டா தோல் போயிடும், அதனால கால்மாட்டுலயே வச்சுக்கறது. நீங்களும் திருவாரூர்தானே. சரி, இருக்கட்டும்.

மூஞ்சி மாறக் கூடாது, அது ரெண்டாவது. கேக்கறவன் காதுக்குப் பாதித் தப்பு தெரியவே தெரியாது சார். வாசிக்கறவன் உதட்டைக் கடிச்சான்னாதான் தெரியும். அப்புறம், திரும்பிப் போய் அதைச் சரி பண்ணப் பாக்கக் கூடாது. போனது போச்சு. அடுத்த அடி எங்க விழணுமோ அங்க விழுந்துட்டா, முன்னாடி விழுந்ததை எவனும் எடுத்து வச்சுப் பாக்க மாட்டான். முடிஞ்சா அந்தத் தப்பையே இன்னொரு தடவை வேணும்னே வாசிச்சுடணும். அப்ப அது தப்பில்லை, இவர் வழி இதுன்னு ஆயிடும். சிரிக்காதீங்க. நிசமாத்தான் சொல்றேன்.

என் கூட நாயனம் வாசிச்சவன் குஞ்சிதபாதம். என் சம்சாரத்தோட தம்பி. அவன் மீசை முளைக்கறப்ப என் பக்கத்துல வந்து உக்காந்தவன். நான் எங்க விட்டாலும் அவன் எடுப்பான், அவன் எங்க விட்டாலும் நான் தாங்குவேன். கண்ணால பாத்துக்கிட்டாப் போதும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல விழுந்த தப்பை வெளியில ஒருத்தன் கேட்டது கிடையாது. இப்ப அவன் வேற செட்டுல வாசிக்கறான். அது எதுக்குன்னு கேட்டீங்கன்னா, அதைத்தான் சொல்ல வந்தேன். நானும் யார்கிட்டயாவது கேக்கணும்னுதான் இருக்கேன்.

மன்னார்குடியில உரக்கடை கோவிந்தராசுன்னு ஒருத்தர். நல்ல மனுசர். அவர் வீட்டு நல்லது எல்லாத்துக்கும் எங்க மேளம்தான். அவருக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. பொண்ணு பேரு செங்கமலம், ஊர்க் கோயில் தாயார் பேரு. வீட்டுல கமலி. அந்தப் பொண்ணு வயசுக்கு வந்தப்ப சடங்குக்கும் நாங்கதான் வாசிச்சோம். என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும். படிச்சு முடிச்சு, டீச்சர் படிப்பும் முடிச்சு, அங்கயே ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. சீர்காழிப் பக்கம் மாப்பிள்ளை பாத்தாங்க. மகேந்திரன். எலக்ட்ரிக்கல் கடை. அதுவும் குறை சொல்ல முடியாத பையன்தான்.

கல்யாணம் மண்டபத்துல. எங்களுக்கு மேடைக்கு இடது கைப் பக்கம் ஜமக்காளம் போட்டிருந்தாங்க. நல்ல இடம்தான், ஆனா முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க மேடையில ஆள் ஏறிப் போச்சு. சித்தப்பன், பெரியப்பன், போட்டோக்காரன், லைட்டுப் பிடிக்கறவன். ஐயர் எங்களுக்குத் தெரியலை. பொண்ணு தெரியுது, பொண்ணுக்குப் பின்னாடி கோவிந்தராசு நிக்கறது தெரியுது, ஐயரோட தலையில பாதிதான் தெரியுது. கெட்டிமேளத்துக்கு ஐயர் கையைத்தான் பாக்கணும் சார். வாயாலயும் சொல்லுவார், அந்தச் சத்தத்துல கேட்டாத்தானே. அதனால கையைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்.

ஒரு கை மேல வந்துச்சு. விரலை ஆட்டுச்சு. நான் கெட்டிமேளத்தை எழுப்பிட்டேன்.

வீடியோக்காரன் கை சார் அது. லைட்டைத் தள்ளிப் பிடின்னு காட்டியிருக்கான்.

எழுப்பின உடனேயே தெரிஞ்சு போச்சு. ஐயர் தலையைத் தூக்கி எங்களைப் பாத்தார். தாலி அங்க இல்லவே இல்லை. தேங்காய் மேல வச்சு, ஆசீர்வாதத்துக்குன்னு தட்டு கீழ கூட்டத்துல போயிருக்கு. நடு வரிசையில யாரோ ஒரு அம்மா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டிருக்கு. முன் வரிசையில உள்ளவங்க மேளம் கேட்டதும் அட்சதையை வீசிட்டாங்க. பாதி அரிசி பொண்ணு தலையில, பாதி என் தவில் மேல.

இப்ப நீங்க சொல்லுங்க. நிறுத்தறதா? கெட்டிமேளம் எழுந்து பாதியில நின்னா சபை சும்மா இருக்குமா? மாப்பிள்ளை வீட்டுக் கிழவிங்க என்ன பேசும்? அந்தப் பொண்ணுக்குத்தானே கெட்ட பேரு. அதை நினைச்சுத்தான் நான் நிறுத்தலை. சத்தியமாச் சொல்றேன், அந்தப் பொண்ணை நினைச்சுத்தான்.

குஞ்சிதபாதத்தை ஒரு பார்வை பாத்தேன். புரிஞ்சுக்கிட்டான். சத்தத்தைக் கொஞ்சம் கீழ இறக்கினேன். விட்டுடலை, இறக்கினேன். பெரிசு ஒண்ணு வரப் போகுது, அதுக்கு முன்னாடி இது சும்மா கூப்பிடறதுங்கற மாதிரி உருட்டிக்கிட்டே இருந்தேன். அவன் நாயனத்தை அது மேல படுக்க வச்ச மாதிரி இழுத்துக்கிட்டே போறான். கீழ தட்டு கைக்குக் கை ஓடி வருது. மேளம் எழுந்துடுச்சேன்னு ஆளாளுக்குப் பதறிக் கை மாத்தறாங்க. எவ்வளவு நேரம்னு தெரியலை, ரொம்ப நேரம். தோள் கழண்டு போச்சு. தட்டு மேடைக்கு வந்து, ஐயர் எடுத்து, மாப்பிள்ளை கையில கொடுத்து, மாப்பிள்ளை குனிஞ்சப்பதான் முழுசா எழுப்பினேன். மண்டபமே நடுங்குச்சு. ஒருத்தனுக்கும் தெரியலை சார். ரெண்டு தடவையா எழுப்பறதுதான் எங்க வழின்னு நினைச்சுக்கிட்டாங்க. ஒரு பெரியவர் வந்து, இப்படிக் கெட்டிமேளம் நான் கேட்டதில்லைன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். கோவிந்தராசு துண்டு போத்தினார். பந்தியில உக்காந்து பாயசம் குடிச்சுக்கிட்டே குஞ்சிதபாதம் மெதுவாச் சொன்னான், "ஒட்டுத் தெரியலை அத்தான்." அவன் லேசுல சொல்ல மாட்டான்.

நடுவுல ஒண்ணு இருக்கு. நான் உருட்டிக்கிட்டு இருந்தேன்னு சொன்னேன்ல, அப்ப கமலி எனக்கு நேர் எதிர்க்கத்தான் மணையில உக்காந்திருக்கு. திரும்பி, அப்பாவோட துண்டைப் பிடிச்சு இழுத்துச்சு. அவர் குனிஞ்சார். காதுகிட்ட என்னமோ சொல்லுச்சு. அவர் தலையாட்டினார். பொண்ணு அவர் மூஞ்சியையே பாத்துது. அவர் மறுபடி தலையாட்டினார். அப்புறம் அது நிமிந்து உக்காந்துக்கிட்டுது. மூஞ்சி தெளிவா இருந்துச்சு, பாரம் இறங்கின மாதிரி. தாலி கழுத்துக்கு வந்தப்ப மட்டும் வெடுக்குனு திரும்பி அப்பாவைப் பாத்துது. அதுக்குள்ள கட்டியாச்சு.

தண்ணி கேட்டிருக்கும்னுதான் நான் நினைச்சேன். ஓமப்புகை இருந்துச்சு.

ஆடிக்குப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வருவாங்கள்ல, அப்படிக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஆடி முடிஞ்சுது, ஆவணி பிறந்துது, பொண்ணு கிளம்பலை. கேட்டா, நான் போகலைன்னுதாம். அடிச்சானா? இல்லை. குடிக்கறானா? இல்லை. மாமியார் ஏதாவதா? இல்லை. அப்புறம் என்னடின்னா, நான்தான் வேண்டாம்னு சொன்னேனே, யார் கேட்டீங்கன்னுதாம். ஊர்ல நாலு விதமாப் பேசினாங்க. நாலும் இல்லை. வேற எவனும் இல்லை, ஒண்ணும் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான். வேலைக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு, அது பாட்டுக்கு இருக்கணும்னு நினைச்சிருக்கு போல.

ஒரு நாள் காலையில கோவிந்தராசு ஆள் அனுப்பினார், ரெண்டு பேரும் வந்துட்டுப் போங்கன்னு. வீட்டுல ஏதாவது விசேஷம் இருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் போனோம். போய்ப் பாத்தா கூடம் நிறைய ஆள். மாப்பிள்ளை, அவங்க அப்பா, இந்தப் பக்கம் பொண்ணோட தாய்மாமன். எல்லாரும் நாற்காலியில உக்காந்து தரையைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. கமலி உள் ரூம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

"உக்காருங்க நாகலிங்கம். ஒண்ணும் இல்லை, ஒரு சின்ன சந்தேகம்"னார் கோவிந்தராசு.

அவர் சொல்றதுக்கு முன்னாடி பொண்ணே சொல்லுச்சு. "அண்ணே, நான் மணையில வச்சே அப்பாகிட்ட வேண்டாம்னு சொன்னேன். அப்பா சரின்னு தலையாட்டினார். நிறுத்திடுவார்னு நினைச்சு நான் பேசாம இருந்தேன்."

"மேளச் சத்தத்துல எனக்கு என்னம்மா காதுல விழும்?" அவர் குரல் எழும்பவே இல்லை. "நீ ஏதோ கேக்கறேன்னு தலையாட்டினேன். சொல்றவ முன்னாடியே சொல்லியிருக்கணும். கெட்டிமேளம் எழுந்ததுக்கு அப்புறம் சொன்னா, கட்டினதுக்கு அப்புறம் சொன்ன மாதிரிதான்."

"முன்னாடிதாம்பா சொல்ல வாயைத் திறந்தேன். தட்டு அப்ப கீழ இருந்துச்சு. ஐயர் கை காட்டவே இல்லை. மேளம் முன்னாடியே வந்துடுச்சு."

இதுதான் சார் விஷயம். மேளம் முன்னாடி வந்துச்சா, நேரத்துக்கு வந்துச்சா. பொண்ணு சொல்றது, நான் தட்டு சுத்தறப்பவே சொன்னேன், மேளம்தான் முந்திக்கிச்சுன்னு. இவங்க சொல்றது, இல்லை, நீ தாலி கட்டற நேரத்துக்குச் சொன்னே, அது செல்லாதுன்னு. ஐயரைக் கேட்டிருக்காங்க. அன்னைக்கு வரிசையாக் கல்யாணம், எனக்கு நினைவில்லைன்னுட்டார். வீடியோ போட்டுப் பாத்திருக்காங்க. அந்த இடத்துல சினிமாப் பாட்டைச் சேத்து வச்சிருக்கான், தட்டு, தாலி, பூ எல்லாத்தையும் முன்னும் பின்னுமா வெட்டி ஒட்டி. ஒண்ணும் புரியலை.

மாப்பிள்ளை அப்பதான் வாயைத் திறந்துது. "அதுக்கு இஷ்டம் இல்லைன்னா விட்டுடுங்கப்பா"ன்னுச்சு, மெதுவா. அவங்க அப்பா அதைப் பாத்த பார்வையில அதுக்கு மேல பேசலை. அவர் என்னைத்தான் கேட்டார். "நீங்க சொல்லுங்க. நீங்கதானே எழுப்பினது. முன்னாடி எழுப்பினீங்களா?"

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. கோவிந்தராசு பாக்கறார். குஞ்சிதபாதம் பாக்கறான். அந்தப் பொண்ணு பாக்குது.

"நேரத்துக்குத்தான் எழுப்பினேன். ஐயர் கை காட்டினார், எழுப்பினேன்"னேன்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க. அங்க நான் வேற என்ன சொல்ல முடியும்? நாகலிங்கம் மேளம் தாலி இல்லாம கெட்டிமேளம் கொட்டும்னு பேர் எடுக்கறதா? அதுக்கப்புறம் ஒரு முகூர்த்தத்துக்கு என்னைக் கூப்பிடுவானா எவனாவது? சபையில ஒத்துக்கிட்டா தப்பு பெரிசாத் தெரியும். அதைத்தான் உங்களுக்கு ஆரம்பத்துலயே சொன்னேன். நிறுத்தலை, மூஞ்சி மாறலை. சரியாத்தான் விழுந்துச்சு. கோவிந்தராசு மூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு.

கமலி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது. "நான் பேசினதை நீங்க பாத்தீங்கள்லண்ணே?"

"கெட்டிமேளத்துல என்னம்மா தெரியும்"னேன்.

"சரிண்ணே"ன்னுச்சு. அழலை. உள்ள போய்ப் பையை எடுத்துக்கிட்டு வந்துது. தயாரா வச்சிருந்த மாதிரி அவ்வளவு சீக்கிரம். அன்னைக்கே அவங்க கூடக் காருல ஏறிப் போச்சு. கோவிந்தராசு எங்களைச் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு பிடிச்சு உக்கார வச்சார். சாப்பிட்டேன். குஞ்சிதபாதம் இலையில தண்ணி தெளிச்சதோட சரி, கையை வைக்கலை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வர்றப்ப கேட்டான். "அன்னைக்குக் கை யாரு காட்டினது அத்தான்?"

"ஐயர்தான்"னேன்.

நான் அவன்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்னு நினைக்கறீங்க. அவனுக்குத்தான் தெரியுமே சார். பக்கத்துல உக்காந்திருந்தவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சதை எதுக்குக் கேக்கறான்? அந்த வருசம் ஒத்துக்கிட்ட முகூர்த்தம் எல்லாத்துக்கும் ஒழுங்கா வந்து வாசிச்சான். ஒரு குறை வைக்கலை. கடைசி முகூர்த்தம் முடிஞ்சு, நாயனத்தை உறையில போட்டுக் கட்டிட்டு, "நான் வேற இடம் பாத்துக்கறேன் அத்தான்"னான். "ஏன்டா"ன்னேன். "உங்க கூட வாசிச்சா எது தப்பு எது சரின்னு எனக்கே தெரிய மாட்டேங்குது"ன்னான். இது ஒரு காரணமா? அதுதானே சார் எங்க ரெண்டு பேரோட தொழில் சுத்தம்.

தீபாவளிக்கு வரலை. பொங்கலுக்கு வரலை. என் சம்சாரம் ஒரு வார்த்தை கேக்கலை, என் தம்பி ஏன் வரலைன்னு. சோறு போடும், காபி கொடுக்கும், அது பாட்டுக்கு வேலையைப் பாக்கும். முன்னாடி நான் வாசிச்சுட்டு வந்தா இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கும். இப்ப தவிலை வைக்கற சத்தம் கேட்டா அடுப்பைப் பத்த வைக்கும். எனக்கும் ஒண்ணும் தோணலை. வருத்தம்னு சொல்ல மாட்டேன். கோவம்னும் சொல்ல மாட்டேன்.

கைதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நல்லா வாசிக்குது, அதுல குறை இல்லை. புதுசா ஒரு நாயனக்காரர் பூந்தோட்டம்ங்கற ஊர்லேருந்து வர்றார், அவரே சொல்றார், அடி பிசகலைன்னு. ஆனா முன்னாடியெல்லாம் கெட்டிமேளம் எழுப்பினா உள்ளங்கையில ஆரம்பிச்சுத் தோள் வரைக்கும் சுர்ருனு ஏறும். இப்ப ஏற மாட்டேங்குது. வேற யாரோ வாசிக்கற மாதிரி இருக்கு, நான் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி. டாக்டர்கிட்டக் காட்டினேன். ஊசியால குத்திப் பாத்துட்டு நரம்பெல்லாம் நல்லா இருக்கு, வயசுன்னார். வயசுதான். வேற என்ன.

கமலி நல்லாத்தான் இருக்கு. அதைச் சொல்லணும்ல. ஒரு பெண் குழந்தை. சொந்த வீடு, மாடியெல்லாம் எடுத்தாச்சு. வேலைக்குப் போறேன்னு கேட்டுச்சாம் ஆரம்பத்துல. அப்புறம் கேக்கறதில்லையாம். கோவிந்தராசு சொன்னார், "இப்ப எதுவுமே கேக்கறதில்லை நாகலிங்கம், அவ்வளவு நல்லா ஒட்டிக்கிட்டா"ன்னு. சொல்லிட்டு ஏனோ ரொம்ப நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தார். மேளம் அன்னைக்கு நின்னு போயிருந்தா இதெல்லாம் உண்டா, நீங்களே சொல்லுங்க.

போன தை மாசம் கமலியே போன் பண்ணுச்சு. குழந்தைக்குக் காதுகுத்து, நீங்க வரணும்ணே, அந்த நாயனக்கார மாமாவும் வரணும்னு. அவன் இப்ப என் கூட இல்லைம்மான்னேன். நான் கூப்பிட்டுக்கறேன்னுச்சு. கூப்பிட்டிருக்கு, அவனும் வந்துட்டான். எனக்கு முன்னாடியே வந்து ஜமக்காளத்துல உக்காந்திருந்தான். நரைச்சுப் போயிருந்தான். "வாங்க அத்தான்"னு சொல்லிட்டு நகர்ந்து இடம் விட்டான். அதோட சரி. ஆனா வாசிக்க ஆரம்பிச்சா எல்லாம் அதே மாதிரிதான். நான் விட்ட இடத்தை எடுக்கறான். அவன் கண்ணைப் பாத்தேன். கண்ணைத்தான் என் பக்கம் திருப்பலை.

அவங்க குலதெய்வக் கோயில் மண்டபம். ஆசாரி வந்து சாமானெல்லாம் எடுத்து வச்சாச்சு. கமலி எங்ககிட்ட வந்துது. முன்னைக்கு இப்ப கொஞ்சம் பருமன். நல்ல பட்டுப் புடவை. "அண்ணே, ஆசாரி குத்தறப்ப வாசிக்காதீங்க. நான் சொல்லும்போது வாசிங்க, போதும். வேற யார் என்ன சொன்னாலும் வேண்டாம்"னுச்சு. காதுகுத்துக்குக் கெட்டிமேளம் எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். குழந்தை கத்தறது வெளியில கேக்கக் கூடாது, அதுக்குத்தானே. அதைப் போய் வாசிக்காதீங்கன்னா என்ன அர்த்தம்? சரி, வீட்டுக்காரங்க இஷ்டம்னு, சரிம்மான்னேன். குஞ்சிதபாதம் நாயனத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டான்.

தாய்மாமன் மடியில குழந்தை. மூணு வயசு. மொட்டை போட்டுச் சந்தனம் தடவியிருக்கு. ஆசாரி ஒரு காதைப் பிடிச்சார். நான் குச்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணையே பாத்துக்கிட்டிருக்கேன். அது என்னைப் பாக்கவே இல்லை, குழந்தையைப் பாத்துக்கிட்டிருக்கு. குத்தினார். குழந்தை கத்துச்சு பாருங்க. எத்தனை காதுகுத்துக்கு வாசிச்சிருப்பேன். ஒரு குழந்தை காதுகுத்தறப்ப எப்படிக் கத்தும்னு நான் கேட்டதே இல்லை சார். அன்னைக்குத்தான் முதல் தடவை. "வேணாம்மா, வேணாம்"னு தெளிவாக் கத்துது. மண்டபம் முழுக்க எங்க பக்கம் திரும்புது. கோவிந்தராசு எழுந்து நின்னுக்கிட்டு, "மேளம் வாசிங்கய்யா, மேளம்"னு கையை ஆட்டறார். மாப்பிள்ளையோட அப்பா பாக்கறார். என் கை அந்தரத்துல நிக்குது. பழக்கம் சார், இறங்கத் துடிக்குது. இறக்கலை.

கமலி குனிஞ்சு குழந்தை வாய்கிட்டக் காதைக் கொண்டு போச்சு. "என்னம்மா, சொல்லு"ன்னுச்சு.

"வேணாம்."

"சரி"ன்னு சொல்லிட்டு நிமிந்து, "ஐயா, போதும்"னு ஆசாரிகிட்டச் சொல்லுச்சு.

"ஒத்தைக் காதோட விடுவாங்களாடி?" மாமியார் பதறுது. "இன்னொரு நிமிசம், முடிஞ்சுடும்."

"அவ கேக்கறப்ப குத்திக்கலாம் அத்தை."

சத்தம் போடலை, ஒண்ணும் இல்லை. மகேந்திரன்தான் போய் மச்சான் மடியிலேருந்து குழந்தையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, மூக்கைத் துடைச்சு விட்டுக்கிட்டே வெளியில கூட்டிக்கிட்டுப் போச்சு. கோவிந்தராசு நின்னவர் நின்னபடியே மகளைப் பாத்துக்கிட்டு இருந்தார். அப்புறம் உக்காந்துக்கிட்டார். ஆசாரி இன்னொரு தோட்டைப் பொட்டலத்துல மடிச்சு வச்சார். கமலி எங்களை வாசிக்கச் சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு நானே குச்சியை மடியில வச்சுக்கிட்டேன். எல்லாரும் சாப்பிடப் போனாங்க.

புறப்படறப்ப கமலி தாம்பூலத்தட்டோட வந்துது. ரெண்டு பேருக்கும் தனித்தனியா, குறை வைக்காமக் கொடுத்துச்சு. குஞ்சிதபாதம் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான். என்கிட்டக் கொடுத்துட்டு, "இன்னைக்குச் சரியா இருந்துச்சுண்ணே"ன்னுச்சு. கிண்டல் இல்லை சார், மூஞ்சியைப் பாத்தேன். மனசாரத்தான் சொல்லுச்சு. சொல்லிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போயிடுச்சு.

குஞ்சிதபாதத்தைக் கேட்டேன், என்னடா சொல்லிட்டுப் போகுதுன்னு. அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு உறையைக் கட்டிக்கிட்டிருந்தான். கட்டின முடிச்சையே அவிழ்த்து மறுபடி கட்டினான்.

நானும் யோசிச்சுப் பாத்துட்டேன் சார். இதோ, காலையில பஸ் ஏறினதுலேருந்து யோசிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். அன்னைக்குக் காது குத்தறப்ப நான் ஒரு அடி கூட அடிக்கலை.